அலீகர் வாசலில்

கல்லூரி என்ற சொல்லைக் கேட்டவுடன் என் மனக்கண் முன் எழுவது ஒரு காடு. தாம்பரம் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, முட்புதர்கள் மண்டிப் புள்ளிமான்கள் மேயும் பரந்த வெளியில் அமைந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் 1966 முதல் 1970 வரை நான் பயின்றேன். 1837-ல் சென்னை நகருக்குள் ஒரு பள்ளிக்கூடமாகத் தோன்றிய அந்நிறுவனம், சரியாக நூறாண்டு கழித்து 1937-ல் தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தது. அதற்கு ஆறாண்டு முன்னரே, 1931-ல், கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. ஒன்றாக உண்டு, ஒன்றாக உறங்கி, ஒன்றாக விளையாடிக் கற்கும் விடுதி வாழ்வையே அக்கல்லூரி தன் உயிர்நாடியாகக் கருதியது. நாகூர்ப் பக்கத்துச் சிற்றூரொன்றிலிருந்து தகரப் பெட்டியுடன் வந்திறங்கிய எனக்கு, அக்காட்டை விட்டுத் திரும்பிச் செல்ல மனம் வரவில்லை. வேலையும் சென்னையிலேயே கிடைத்தது. சேலையூரில் வீடும் அமைந்தது. இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன்.

இத்தகைய நான், என் எழுபத்து நான்காம் வயதில் அலீகரைக் காணச் சென்றது என் விருப்பத்தால் அன்று. என் மூத்த சகோதரியின் பிடிவாதத்தால்.

சகோதரியை நாங்கள் ‘லாத்தா’ என்றே அழைப்போம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். கணவர் மறைந்தபின் மகனோடு மேற்குத் தாம்பரத்தில் வசிக்கிறார். அவருடைய மகன்வழிப் பேத்தி, பள்ளியிறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றுவிட்டு, வரலாறு படிப்பதானால் அலீகரில்தான் படிப்பேன் என்று நின்றாள். வீட்டில் பெரும் அமளி. “இங்கே இல்லாத கல்லூரியா?” என்றார் மகன். “அவ்வளவு தூரமா?” என்றாள் மருமகள். லாத்தா மட்டும் தஸ்பீஹை உருட்டிக்கொண்டே, “போகட்டும்” என்றார். அந்த ஒரு சொல்லில் அமளி அடங்கிற்று. பெண் போய்ச் சேர்ந்தாள். நான்கு மாதம் கழித்து, 2024 நவம்பரில், லாத்தா என் வீட்டுக்கு வந்து, “தம்பி, எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்தைப் பாக்கணும். நீ கூட்டிட்டுப் போ” என்றார். மகன் இருக்க, என்னை ஏன் கேட்டார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் ஒரு பகலும். புதுதில்லியில் விடியற்காலையில் இறங்கி வேறு ரயில் ஏறினோம். தில்லியிலிருந்து ஏறக்குறைய நூற்றுமுப்பது கிலோமீட்டர். இருபுறமும் பனிமூட்டத்தில் கரும்பு வயல்களும் செங்கற்சூளைகளும் மங்கலாய்த் தெரிந்தன. லாத்தா கம்பளியைப் போர்த்திக்கொண்டு சன்னலோரம் அமர்ந்திருந்தார். எழுபத்தாறு வயதில் அவர் விந்திய மலைக்கு வடக்கே வருவது அதுவே முதல் தடவை.

அலீகர் நிலையத்தில் கால் வைத்ததும் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. நான் பட்டதாரி. ஆங்கிலம் அறிந்தவன்; இந்தி எழுத்தை மட்டும் தட்டுத் தடுமாறிக் கூட்டுவேன். உருது அறவே தெரியாது. லாத்தாவோ எட்டாம் வகுப்பு. ஆனால் நிலையத்தின் பெயர்ப்பலகையில் மூன்றாவதாக இருந்த உருது எழுத்துகளை அண்ணாந்து பார்த்து, “அலீ… கட்… அலீகர்!” என்று அவர் வாய்விட்டுப் படித்துவிட்டார். பிறகு நிறுத்த முடியவில்லை. சாலையோரக் கடைப்பலகைகளையெல்லாம் ரிக்‌ஷாவில் அமர்ந்தபடி ஒன்றன்பின் ஒன்றாய்க் கூட்டத் தொடங்கினார். பொருள் தெரியாது; ஒலி தெரியும். இடையிடையே பொருளும் பிடிபட்டுவிடும். “கிதாப்! புத்தகக் கடை தம்பி.” “ஷிஃபா! இது டாக்டரு வீடு.” குர்ஆன் ஓதக் கற்ற கண், அரபுத் தமிழ்க் கிதாபுகளை எழுத்தெண்ணிப் படித்த கண். அதற்கு அந்த ஊர் அந்நியமாய் இல்லை. எனக்குத்தான் அந்நியமாய் இருந்தது.

அரபுத் தமிழ் என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டியிருக்கிறது. தமிழையே அரபு எழுத்தில் எழுதுவது அது. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக, இருக்கும் எழுத்துகளிலேயே கூடுதல் புள்ளிகளும் குறிகளும் இட்டு நம் முன்னோர் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டனர். தமிழகத்திலும் இலங்கையிலும் மார்க்க நூல்கள் அவ்வெழுத்தில் ஏராளமாய் அச்சேறின. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் அத்துறையின் பெருந்தூண். 1816-ல் பிறந்து 1898-ல் மறைந்தவர். அலீகரைத் தோற்றுவித்த சர் சையத் அஹ்மது கான் 1817-ல் பிறந்து அதே 1898-ல் மறைந்தவர். ஏறத்தாழ ஒரே காலத்தைத் தெற்கிலும் வடக்கிலுமாய் இருவர் வாழ்ந்து முடித்திருக்கின்றனர். ஒருவரைப் பற்றி மற்றவர் நாட்டில் பேச்சே இல்லை.

இதை நான் சும்மா சொல்லவில்லை. பல்கலைக் கழக வாயிலருகே தேநீர்க் கடையில் பெரியவர் ஒருவர் என்னோடு ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்தார். மிகப் பண்பானவர், எங்கள் இருவர் தேநீருக்கும் அவரே காசு கொடுத்தார். ஆனால், “முஸ்லிமாய் இருந்துகொண்டு உருது தெரியாதா?” என்று அவர் கேட்டபோது, அவர் முகத்தில் ஏளனமில்லை, உண்மையான வியப்பே இருந்தது. அதுதான் என்னைச் சுட்டது. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் உண்டென்றும், அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வரலாற்றைத் தமிழ்க் காப்பியமாகவே பாடி வைத்திருக்கிறோம் என்றும் சொன்னேன். “அப்படியா, அப்படியா” என்று கேட்டுக்கொண்டார். அவரைக் குறை கூற எனக்கென்ன தகுதி? சேலையூரில் அரை நூற்றாண்டாய் இருக்கும் நான், உருதுக் கவிஞர் ஒருவரின் பெயரையாவது முழுமையாய்ச் சொல்ல முடியுமா என்று எண்ணிப் பார்த்தேன். இந்தப் பல்கலைக் கழகத்திலேயே நவீன இந்திய மொழிகள் துறையில் தமிழும் கற்பிக்கப்படுகிறது என்பதைப் பேத்தி சொல்லித்தான் அறிந்தேன். பெரியவரும் அதை அறிந்திருக்கவில்லை.

முதலில் சர் சையதின் அடக்கத்தலத்துக்குச் சென்றோம். பள்ளிவாசலை ஒட்டியே இருக்கிறது. லாத்தா ஃபாத்திஹா ஓதி, நெடுநேரம் துஆச் செய்தார். செங்கற் கட்டடங்கள், புல்வெளிகள், மணிக்கூண்டு வாயில், வளைவு வளைவாய் நீளும் தாழ்வாரங்கள். எங்கள் தாம்பரத்துக் காட்டில் வளர்ந்தவனுக்கு அந்த அமைப்பின் உட்பொருள் உடனே புரிந்துவிட்டது. 1869-ல் இங்கிலாந்து சென்ற சர் சையத், கேம்பிரிட்ஜில் தம் மகன் படித்த முறையைக் கண்டு, மாணவர் தங்கிப் பயிலும் கல்லூரியே நம் சமுதாயத்துக்கு வேண்டுமெனத் துணிந்தார். 1875-ல் பள்ளி தொடங்கிற்று. 1877 ஜனவரியில் வைசிராய் லிட்டன் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். 1920-ல் அது பல்கலைக் கழகமாயிற்று.

ஸ்ட்ரேச்சி மண்டபத்தில் நின்றபோது பேத்தி சுவரைக் காட்டினாள். பணம் கொடுத்தோர் பெயர்கள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. முஸ்லிம்கள் மட்டுமல்லர், இந்துக்களும் அப்பட்டியலில் உண்டு. இக்கல்லூரியின் முதல் பட்டதாரியே ஈஸ்வரி பிரசாத் என்னும் இந்து மாணவர்தாம். ஆங்கிலேயரான ஆர்னால்டும் அஸம்கரைச் சேர்ந்த மௌலானா ஷிப்லியும் ஒரே காலத்தில் இங்கே ஆசிரியர்களாய் இருந்தனர். பணம் திரட்டுவதற்காகச் சர் சையத் தள்ளாத வயதில் நாடக மேடையும் ஏறினார் என்று சொல்வர். நிதி வசூலுக்குப் போய் நாலு கடை ஏறி இறங்கியதும் மானம் போய்விட்டதாய் அலுத்துக்கொள்ளும் நம் சங்கச் செயலாளர்கள் ஒரு தடவை இந்தச் சுவர் முன்னால் வந்து நிற்கலாம்.

அலீகரின் காற்று நம் தெற்கையும் தொட்டதுண்டு. சர் சையத் தோற்றுவித்த முஸ்லிம் கல்வி மாநாடு 1901-ல் சென்னையில் கூடியது. பின்னாளில் வாணியம்பாடியிலும் சென்னையிலும் திருச்சியிலும் எழுந்த நம் கல்லூரிகளின் வரலாற்றில் அதற்கொரு பங்குண்டு. 1984-ல் எங்கள் தாம்பரத்துக்கு அடுத்த வண்டலூரில் கிரசென்ட் பொறியியற் கல்லூரி எழுந்தபோது, அந்தப் பொட்டல் வெளியைப் பார்த்து, “இங்கே யார் வந்து படிக்கப் போகிறார்கள்?” என்று கேட்டவர்களுள் நானும் ஒருவன். இன்று அது ஒரு பல்கலைக் கழகமாகவே வளர்ந்து நிற்கிறது. என் தீர்க்கதரிசனம் அவ்வளவுதான்.

மௌலானா ஆஸாத் நூலகத்தைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது. ஏழு மாடிக் கட்டடம். 1960-ல் நேரு திறந்து வைத்தது. ஆயிரக்கணக்கான கையெழுத்துச் சுவடிகள். ஜஹாங்கீரின் அவை ஓவியர் மன்ஸூர், காஷ்மீரத்துச் செம்மலரொன்றைத் தீட்டிய ஓவியம் இந்நூலகத்தின் உடைமை. பேரரசர் காஷ்மீரத்தில் கண்டு மயங்கிய மலர்களுள் நூற்றுக்கு மேற்பட்டவற்றை மன்ஸூர் வரைந்தார் என்று அரசரே எழுதி வைத்திருக்கிறார். அவற்றுள் எஞ்சியவை மிகச் சில. பேத்தி இதைச் சொல்லும்போது அவள் குரலே மாறிவிட்டது. வரலாறு படிப்பதென்றால் ஆண்டுகளை மனனம் செய்வது என்றிருந்த எனக்கு, ஒரு பூவுக்காக அவள் கண் கலங்குவது புதிதாய் இருந்தது.

தோலில் எழுதப்பெற்ற கூஃபி எழுத்துக் குர்ஆன் பகுதியொன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. ஹஸரத் அலீ (ரலி) அவர்களின் கரத்தால் எழுதப்பெற்றது என்பது வழிவழி வந்த கூற்று. அதன் படத்தைப் பேத்தி காட்டினாள். அதுவரை எல்லாவற்றையும் படித்துக்கொண்டு வந்த லாத்தா அங்கேதான் முதன்முதலாய்த் தடுமாறினார். “புள்ளியே இல்லையே! புள்ளி இல்லாம எப்படி ஓதுவாங்க?” என்றார். பழைய கூஃபி எழுத்தில் புள்ளிகள் இராது என்றும், மனனம் செய்தவர்களுக்கு நினைவூட்டவே அவ்வெழுத்து உதவிற்று என்றும் பேத்தி விளக்கினாள். லாத்தா சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, “அப்ப முன்னாடியே தெரிஞ்சவங்களுக்குத்தான் படிக்கத் தெரியும்” என்றார்.

பிற்பகலில் பேத்தி எங்களை மகளிர் கல்லூரிக்கு அழைத்துச் சென்றாள். இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆண்களுக்காக அவ்வளவு பாடுபட்ட சர் சையத், பெண் கல்வியில் அதே வேகம் காட்டவில்லை. முதலில் ஆண்கள் படிக்கட்டும், பெண்கள் பிறகு என்பதே அவர் நிலை. 1882-ல் கல்விக் குழுவின் முன்பும் அப்படியே சாட்சியம் அளித்தார். பெரியார்களின் பெருமையைப் பேசும்போது இதை விட்டுவிடுவது நம் வழக்கம். அக்குறையைத் தீர்த்தவர் அக்கல்லூரியிலேயே படித்த ஷேக் அப்துல்லாஹ்வும் அவர் மனைவி வஹீத் ஜஹான் பேகமும். 1906-ல் நகருக்குள் ஒரு வாடகை வீட்டில் பெண்களுக்கான பள்ளி திறந்தார்கள். பெண் பிள்ளைகளை அனுப்பத் தகப்பன்மார் அஞ்சினர். தெருவில் அவர்கள் நடந்து வரலாமா என்பதே முதற்கேள்வி. திரையிட்ட டோலிகளில் பிள்ளைகளை ஏற்றி, ஆட்கள் சுமந்துவந்து பள்ளி வாசலில் இறக்கினார்கள். 1914-ல் விடுதி எழுந்தது. போபால் அரசி சுல்தான் ஜஹான் பேகம் வந்து திறந்து வைத்தார். பல்கலைக் கழகமான 1920-ல் அதன் முதல் வேந்தராய் அமர்ந்தவரும் அந்தப் பெண்மணிதாம். துணைவேந்தர் நாற்காலியில் ஒரு பெண் அமர 2024 ஏப்ரல் வரை, நூற்றுநான்கு ஆண்டு, காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்விடத்தில் படித்து இஸ்மத் சுக்தாய் எழுத்தாளரானார். ஷேக் அப்துல்லாஹ்வின் மகள் ரஷீத் ஜஹான் மருத்துவரும் எழுத்தாளருமானார். நம் நாகூரிலும் 1938-ல் ‘காதலா கடமையா’ என்ற நாவலை ஒரு பெண் எழுதினார். சித்தி ஜுனைதா பேகம். அவர் பள்ளியில் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. லாத்தாவின் பெட்டியில் அந்த அம்மையாரின் நூலொன்று இருப்பதை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன்.

டோலிக் கதையைப் பேத்தி சொல்லி முடித்தபோது நாங்கள் விடுதியின் வாயிலுக்கு வந்துவிட்டோம். அப்துல்லாஹ் விடுதி. ஆண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. “நன்னியைக் கூட்டிட்டுப் போய் ரூமைக் காட்டிட்டு வர்றேன், நீங்க இங்கேயே இருங்க” என்று பேத்தி சொல்ல, லாத்தா அவள் தோளைப் பற்றிக்கொண்டு உள்ளே நடந்தார். எனக்குக் காவலர் ஒரு நாற்காலி போட்டார். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அந்த வாசலில் அமர்ந்திருந்தேன்.

அறுபத்திரண்டு ஆண்டாய் எவரிடமும் சொல்லாத ஒன்றை இனி எழுதுகிறேன்.

1962-ல் லாத்தா எட்டாம் வகுப்பில் முதலாவதாய்த் தேறினார். எங்கள் தெருப்பள்ளியில் அதற்குமேல் வகுப்பில்லை. உயர்நிலைப் பள்ளி, கடைத்தெருவைத் தாண்டி, ரயில் கேட்டைத் தாண்டி, ஒன்றரை மைல். ஆசிரியை ஒருவர் வீடு தேடி வந்து வாப்பாவிடம் மன்றாடினார். வாப்பா கடுமையானவர் அல்லர். இரவு முழுவதும் யோசித்துவிட்டுக் காலையில் என்னை அழைத்தார். “நீயும் அந்தப் பக்கந்தானே போறே. தினமும் லாத்தாவைப் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கொண்டு விட்டுட்டுப் போவியா? சாயங்காலம் கூட்டிக்கிட்டு வருவியா? சரின்னா சேத்து விடுறேன்” என்றார். லாத்தா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். துப்பட்டியின் ஓரம் தெரிந்தது.

பன்னிரண்டு வயது எனக்கு. கூட்டாளிகளோடு கோலி விளையாடிக்கொண்டே பள்ளிக்குச் செல்பவன். துப்பட்டி போட்ட அக்காளுக்குப் பின்னால் புத்தகப் பை தூக்கிக்கொண்டு நடந்தால் பையன்கள் என்ன சொல்வார்கள் என்பதொன்றே என் தலையில் ஓடிற்று. “என்னால முடியாது வாப்பா” என்றேன். வாப்பா மறுவார்த்தை பேசவில்லை. துப்பட்டி ஓரம் கதவிடுக்கிலிருந்து மறைந்தது. பதினேழாம் வயதில் லாத்தாவுக்கு நிக்காஹ் ஆயிற்று. மறு ஆண்டு நான் தாம்பரத்துக்குப் படிக்க வந்தேன். கல்லூரியில் கட்ட வேண்டிய பணத்துக்காக உம்மா அடகு வைத்த நகைகளில் லாத்தா கழற்றிக் கொடுத்த வளையல் ஒன்றும் இருந்தது.

மீலாது மேடைகளில், கல்வி ஆணுக்கும் பெண்ணுக்கும் கடமை என்று எத்தனையோ தடவை நான் முழங்கியிருக்கிறேன். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

அஸர் நேரம் நெருங்கியபோது லாத்தா வெளியே வந்தார். முகம் மலர்ந்திருந்தது. பேத்தியின் அறைத்தோழி அஸம்கர் பெண்ணாம். கட்டிலில் உட்காரவைத்து உபசரித்தாளாம். “நாலு பொண்ணுவ ஒரு ரூம்புல. மேசை நிறையப் புஸ்தகம். சத்தமே இல்ல தம்பி” என்றார். நான் நாற்காலியிலிருந்து எழுந்து, “லாத்தா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். வாப்பா அன்னிக்கு என்னைக் கேட்டப்ப…” என்று தொடங்கினேன். தொண்டை அடைத்துக்கொண்டது.

“தெரியும். நான் கதவுக்குப் பின்னால தானே நின்னேன்” என்றார் லாத்தா. கம்பளியைச் சரிசெய்துகொண்டார். “அதுக்குத்தான் மகனைக் கூப்பிடாம உன்னைக் கூப்பிட்டேன். பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டியே, போதும். வா, தொழுகைக்கு நேரமாச்சு.”

அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பேத்தி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மறுநாள் ஊர் திரும்புமுன் கடைத்தெருவில் பூட்டு வாங்கினோம். அலீகர் பூட்டுக்குப் பேர்போன ஊர். பித்தளைப் பூட்டுகள் கடைக்குக் கடை தோரணமாய்த் தொங்குகின்றன. பேத்தி தன் பெட்டிக்குத் தாம்பரத்திலிருந்து திண்டுக்கல் பூட்டு ஒன்றைக் கொண்டு வந்திருந்தாள் என்பதைக் கேட்டதும் கடைக்காரர் கையை விரித்துச் சிரித்துவிட்டார். அதைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்து, திருப்பித் திருப்பி ஆராய்ந்து, “நல்ல வேலை” என்று ஒப்புக்கொண்டார். லாத்தா ஒரு பூட்டைத் தமக்கென்று வாங்கிக்கொண்டார். எந்தப் பெட்டிக்கு என்று நான் கேட்கவில்லை.

தாம்பரம் வந்தபின் லாத்தாவுக்கு ஒரு புதிய பழக்கம் ஏற்பட்டிருக்கிறது. கைப்பேசியில் நாள்தோறும் பேசுகிறார்கள். ஆயினும் மாதம் ஒரு கடிதம் பேத்திக்கு எழுதுகிறார். அரபுத் தமிழில்! தமிழில் எழுதினால் என்ன என்று கேட்டால், “கை அப்படித்தான் ஓடுது” என்கிறார். அஞ்சலுறையில் முகவரி எழுதித் தருவது என் வேலை; தபாலில் சேர்ப்பதும் நானே.

சிக்கல் என்னவென்றால், பேத்திக்கு அந்த எழுத்து வராது. குர்ஆன் ஓதுவாள், ஸபர், ஸேர் குறிகள் இல்லாத கையெழுத்தைக் கூட்ட அவளால் இயலாது. அதனால் கடிதம் வந்ததும் அஸம்கர்ப் பெண்ணிடம் நீட்டுகிறாளாம். அந்தப் பெண்ணுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் எழுத்தை ஒருவாறு கூட்டி உரக்கப் படித்துவிடுகிறாள். கூடுதல் புள்ளி வைத்த எழுத்துகள் வரும் இடத்தில் மட்டும் நின்று, ‘இது என்ன ஒலி?’ என்று கேட்பாளாம். இவள் சொல்லிக் கொடுப்பாளாம். ‘ழ’ இன்னும் அந்தப் பெண்ணின் நாவுக்கு வரவில்லை. மற்றபடி, ‘நேரத்துக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொள்’ என்று தமக்கென்று வந்த செய்தியைத் தெரியாமலே அவள் படிக்க, கட்டிலில் சாய்ந்துகொண்டு இவள் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம்.